கல்லூரியும் கடிகாரமும்: தமிழ்நாட்டு மாணவர்களின் நேரக் கணக்கு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். இருவருமே யாழ்ப்பாணத்தார். ஒருவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. வட்டுக்கோட்டை செமினரியில் தாமோதரம்பிள்ளைக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களில் விசுவநாதபிள்ளையும் ஒருவர். ஆசிரியரும் மாணவரும் ஒரே தேர்வை எழுதி, ஒரே பட்டத்தைப் பெற்றார்கள். பழைய சுவடிகளைத் தேடித் தேடி அச்சேற்றிய பதிப்பாசிரியராகத் தாமோதரம்பிள்ளையைத் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். பட்டத் தேர்வுக்கு முன்பே அவர் பெர்சிவல் பாதிரியாரின் அழைப்பில் சென்னைக்கு வந்து, தினவர்த்தமானி பத்திரிகையைக் கவனித்துக்கொண்டிருந்தார். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கியவர்.

இந்தச் செய்தியை நம் ஊரில் பெருமைக்காகச் சொல்வது வழக்கம். நான் வகுப்பெடுத்த பதினெட்டு ஆண்டுகளில் என் மனத்தில் இது வேறு காரணத்துக்காகத் தங்கிவிட்டது. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்த அன்றைய சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது. தேர்வுக்கு வந்தவர் அன்று காலை எங்கே இருந்தார், எத்தனை நாள் எந்த வகுப்பறையில் உட்கார்ந்தார் என்று அது தன் கையால் கணக்கெடுக்கவில்லை. நம்முடைய முதல் பட்டதாரிகள் தங்கள் நேரத்தைத் தாங்களே ஆண்டவர்கள். இன்று ஒரு குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைக்கு அந்த ஆளுகை கிடையாது.

உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாடு முழுவதற்கும் அது 28.4. இந்த 47 வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. 1921-இலும் 1927-இலும் வந்த வகுப்புவாரி உரிமை ஆணைகள், அவற்றை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கு, 1951-இன் முதல் அரசியல் சட்டத் திருத்தம், ஒன்பதாவது அட்டவணைக்குள் போன 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டம், தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு நீக்கம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு என்று நூறாண்டுப் போராட்டம் அதற்குள் இருக்கிறது. இடம் யாருக்கு என்ற கேள்வியை இந்த மாநிலம் விடாமல் கேட்டது. கட்டணம் யார் கட்டுவது என்ற கேள்வியையும் கேட்டது. நேரம் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் இன்னும் உரக்கக் கேட்கவில்லை. ஒரே வகுப்பறையில், ஒரே பாடத்திட்டத்தில், ஒரே கட்டணத்தில் உட்கார்ந்திருக்கும் அறுபது பேரிடம் ஒரு வாரத்தில் படிப்புக்கென்று மிஞ்சும் மணிநேரம் அறுபது விதமாக இருக்கிறது. அவர்கள் எந்தப் பின்புலத்திலிருந்து வந்தார்கள் என்பது மதிப்பெண்ணில் தெரிவதற்கு முன்பே அந்த மணிக்கணக்கில் தெரிந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரசு கலைக் கல்லூரி இருக்கும் ஊரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். காலை ஷிப்டில் படிக்கும் மாணவி. ஆறேகாலுக்கு வரும் பஸ்ஸைப் பிடித்து, தாலுகா பஸ் நிலையத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, எட்டரைக்குக் கல்லூரி வாசலில் நிற்கிறாள். போக இரண்டேகால் மணி நேரம், வர இரண்டேகால் மணி நேரம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் பஸ்ஸிலும் பஸ் நிலையத்திலும் கழிவது 405 மணி நேரம். நாளுக்கு ஐந்து மணி நேரம் பாடம் என்று வைத்தால் வகுப்பில் கழிவது 450 மணி நேரம். படிப்பும் பயணமும் ஏறக்குறைய சரிக்குச் சரி. இது கற்பனை மாணவிதான். ஆனால் காலை ஏழு மணிக்கு அரூரிலோ முதுகுளத்தூரிலோ செஞ்சியிலோ பஸ் நிலையத்தில் போய் நின்று பாருங்கள், பையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டு இந்தக் கணக்கு உட்கார்ந்திருக்கும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸும் உண்டு. இந்த இரண்டும் எத்தனை பெண்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தன என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டணமில்லாப் பஸ் முக்கால் மணிக்கு ஒன்று வரும் தடத்தில், கட்டணப் பஸ் இரண்டு காலியாகப் போனாலும் அந்தப் பெண் ஏறுவதில்லை. பதினைந்து ரூபாயை மிச்சம் பிடிக்க நாற்பது நிமிடத்தைக் கொடுக்கிறாள். வீட்டுக் கணக்கில் பதினைந்து ரூபாய் பதிவாகும், நாற்பது நிமிடம் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஒரு தடத்தில் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் கூடுதலாக ஒரு பஸ் விட்டால் அது போக்குவரத்துத் துறையின் செலவாக எழுதப்படுகிறது. அதை உயர்கல்வித் துறையின் செலவாக எழுத வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது வருகைப் பதிவு. 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வெழுதலாம். 90 நாளில் 22 நாள் விடுபடலாம் என்று பொருள். பல பல்கலைக்கழகங்களில் 65-க்கு மேல் 75-க்குள் இருப்பவர்கள் ஒரு கட்டணம் கட்டி எழுதலாம். மாணவர்கள் அதைக் ‘காண்டோனேஷன்’ என்பார்கள். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு தள்ளிப்போகும், அல்லது அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க நேரும். 22 நாள் என்பது கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். ஊர்க் கொடை மூன்று நாள், அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஐந்து நாள், தனக்கே காய்ச்சல் நான்கு நாள், உதவித்தொகைக்கு வருமானச் சான்றும் சாதிச் சான்றும் வாங்க இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்த நாட்கள் நான்கு என்று எண்ணிப் பாருங்கள். பதினாறு ஆகிவிட்டது. வேலைக்குப் போவதை இன்னும் சேர்க்கவில்லை.

வேலைக்குப் போகிறார்கள். பெட்ரோல் பங்க், ஜவுளிக்கடை, செல்போன் கடை, ஜெராக்ஸ் கடை, சாப்பாட்டு டெலிவரி. நானே மதிய ஷிப்டில் படித்து, காலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றவன். அந்த இயந்திரத்தின் சூடும், ஒளி ஓடும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கமும் இன்னும் என்னை விடவில்லை. இப்படிப்பட்ட வேலைகளில் கல்லூரிக் காலண்டரோடு நேராக மோதும் வேலை ஒன்று உண்டு. அது கேட்டரிங். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போவது. முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தச் சாப்பாடு. இரவு மண்டபத்திலேயே தூக்கம். ஒரு முகூர்த்தத்துக்குப் போனால் கையில் காசு, வயிற்றுக்குச் சாப்பாடு. முன்பின் அனுபவம் வேண்டாம், கருப்பு பேண்ட் இருந்தால் போதும்.

இந்த வேலைக்குக் காலம் குறிப்பது பஞ்சாங்கம். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ தொடங்கும் பருவத்தில் ஆடி மாதம் முழுக்க வகுப்பு நிறைந்திருக்கும். ஆவணி பிறந்ததும் பின்வரிசை காலியாகத் தொடங்கும். அதுபோல மார்கழியில் வந்தவர்கள் தை மாதத்தில் வரமாட்டார்கள். பணியில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகள் இது எனக்குப் பிடிபடவில்லை. பாடம் பிடிக்கவில்லை போலும், பையன்கள் சினிமாவுக்குப் போகிறார்கள் போலும் என்று நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, தூங்கி விழுந்த மாணவன் ஒருவனை எழுப்பி நிற்கவைத்தபோது அவன் சட்டைக் கையில் பாயசக் கறை இருந்தது. அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டைக் காலண்டரில் இருக்கும் சுபமுகூர்த்த நாட்களோடு சேர்த்து வைத்துப் பார்க்கப் பழகினேன். யார் எந்த நாளில் வரவில்லை என்பதில் அவர்களுடைய வீட்டுப் பொருளாதாரம் எழுதியிருந்தது.

தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடத்தைக் குறிக்கும் ‘அரியர்’ என்ற சொல்லையும் இந்த இடத்தில் வைத்துப் பேச வேண்டும். 2020 ஆகஸ்டில், தொற்றுக் காலத்தில், கட்டணம் கட்டியிருந்தவர்களுக்கு அரியர் தேர்வுகள் ரத்து, தேர்ச்சி என்று மாநில அரசு அறிவித்தது. மாணவர்கள் ஊரெங்கும் நன்றி சொல்லிச் சுவரொட்டி ஒட்டினார்கள். நாடு முழுவதும் அதைப் பார்த்துச் சிரித்தது. தேர்வில்லாத தேர்ச்சியை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஏற்கவில்லை, சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. கல்வியின் தரம் என்ற அளவில் நீதிமன்றம் சொன்னது சரி. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. மூன்று ஆண்டில் முடிய வேண்டிய பட்டத்துக்காக ஐந்தாவது ஆண்டிலும் தேர்வுக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை நான் அறிவேன். பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் புரியாமல் போவதில்லை. நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும் அந்த மூன்று மணி நேரத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய முப்பது மணி நேரம்தான் இல்லாமல் போகிறது. மேலே சொன்ன 47 விழுக்காடு, சேர்ந்தவர்களின் எண். முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது.

பெண்களின் நேரம் தனிக் கதை. 2019-இல் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நாடு முழுவதும் நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் அரைமணித் துண்டுகளாக்கி, எதில் செலவிட்டீர்கள் என்று கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதிலும் ஆண்களில் கால்வாசிக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் அந்த நாளில் வீட்டு வேலை எதையாவது தொட்டிருந்தார்கள். இது மாணவிகளை மட்டும் எடுத்துச் செய்த கணக்கு இல்லை. எனினும் விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, சோறு வடித்து, தம்பிக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்துவிட்டு ஆறேகால் பஸ்ஸுக்கு ஓடிவரும் பெண்ணும் இந்தச் சராசரிக்குள்தான் இருக்கிறாள். அதே பஸ்ஸில் வரும் அவளுடைய அண்ணன் அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்கியிருப்பான்.

அந்தப் பெண்ணுக்காகச் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989-இல் ஏழைப் பெண்களுக்குத் திருமண நிதியுதவித் திட்டம் வந்தது. 2022-இல் அதே பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பட்டமோ பட்டயமோ தொழிற்பயிற்சியோ படித்தால், முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே போகும். அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் ‘புதுமைப் பெண்’ என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். 2024 ஆகஸ்டில் ஆண் மாணவர்களுக்கும் ‘தமிழ்ப் புதல்வன்’ வந்தது. கல்யாணத்தன்று ஒரே தடவையாக வரும் பணம், கல்யாணத்தை நோக்கி நாள் எண்ண வைக்கும். மாதாமாதம் வரும் பணம், அடுத்த மாதமும் கல்லூரியில் இருக்க வைக்கும். இரண்டும் ஒரே கஜானாவிலிருந்து வந்தாலும் ஒரு பெண்ணின் நாட்களை வேறு வேறு பக்கம் திருப்புகின்றன. ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரு மாணவனுக்கு அது சில முகூர்த்த நாட்களைத் திருப்பிக் கொடுக்கிறது. மாணவிக்கு, கட்டணப் பஸ்ஸில் ஏறத் துணிவைக் கொடுக்கிறது.

இன்னொரு உதவியும் உண்டு: குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தனியார் பொறியியல் கல்லூரிகளில் கட்டணச் சலுகை கிடைக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான் அது. அக்கா பட்டம் வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை. ஒரு பட்டம் வந்த மறுநாளே வீட்டின் நிலை மாறிவிடும் என்று அந்த விதி நம்புகிறது. அக்காவின் முதல் சம்பளம் எந்தக் கடனுக்குப் போனது என்பதை விதியால் பார்க்க முடியாது.

விடுதியைப் பற்றிச் சொல்லும்போது மனம் சற்று நிறைகிறது. ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் விடுதிகளுக்கு 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி போன்ற இடங்களில் தங்கிப் படித்து, மாவட்ட ஆட்சியராகவும் நீதிபதியாகவும் பேராசிரியராகவும் ஆகும் கனவோடு வந்தவர்கள் எத்தனையோ தலைமுறை. விடுதி என்றால் சோறும் படுக்கையும் என்று நினைக்கிறோம். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள், கல்லூரிக்கு அருகில் ஒரு விடுதி இடம் என்பது ஒரு பருவத்துக்கு நானூறு மணி நேரம். தண்ணீர் பிடிக்க வேண்டியதில்லை, தம்பிக்குச் சோறு கட்ட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தால் பெண்களுக்கு இன்னும் அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023-இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. நாளுக்கு ஐம்பது ரூபாய். மூன்று வேளைக்கும் அதுதான். அதில் வயிறு நிறையாத பையன் சாயங்காலம் எங்கே வேலை தேடிப் போவான் என்பது தெரிந்ததே. விடுதி கொடுத்த நேரத்தை அந்த ஐம்பது ரூபாய் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

தமிழ் வழியில் பள்ளி முடித்து வரும் மாணவருக்கு இன்னொரு செலவு இருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு பக்கத்தை அவர் மூன்று தடவை படிக்கிறார். முதலில் சொல்லுக்காக, பிறகு வாக்கியத்துக்காக, கடைசியில் பொருளுக்காக. மற்றவருக்கு இருபது நிமிடம் ஆகும் பக்கம் அவருக்கு ஒரு மணி நேரம். தமிழில் பட்டப்படிப்பு என்ற முயற்சியை 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கினார்கள். அதையொட்டிக் கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் நிறைய வந்தன. வரலாறு, பொருளியல், உளவியல், தாவரவியல் என்று அன்று எழுதப்பட்ட நூல்களில் சில இன்றும் என் மேசையில் இருக்கின்றன. கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் பாடுபட்டிருக்கிறார்கள். அதே வேகத்தில் புதுப்பித்து வந்திருந்தால் இன்றைய மாணவரின் இரவுகளில் பாதி மிஞ்சியிருக்கும். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது நல்ல தொடர்ச்சி. ஆனால் ஒரு துறையில் ஆண்டுக்கு ஒரு நல்ல புதிய நூலாவது தமிழில் வராவிட்டால் தமிழ் வழி என்பது தேர்வுத்தாளில் மட்டும்தான் இருக்கும்.

வகுப்புக்கே வர முடியாதவர்களுக்கு என்ன வழி இருந்தது? அஞ்சல் வழிக் கல்வி. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இல் தொடங்கின. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. தாசில்தார் ஆபீஸ் எழுத்தர், சத்துணவு அமைப்பாளர், கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு விட்ட இடத்தில் தொடங்கியவர், காவல் நிலையத்தில் இரவுப் பணி முடித்து நேராகத் தேர்வு மையத்துக்கு வந்தவர் என்று இந்த வழியில் பட்டம் பெற்றவர்களின் வரிசை நீளமானது. தாமோதரம்பிள்ளைக்குக் கிடைத்த சுதந்திரத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். கோவை, திருப்பூர்ப் பக்கம் சில நூற்பாலைகளில், விடுதியில் தங்கி ஷிப்ட் வேலை செய்யும் பெண்கள் தொலைநிலையில் பட்டம் படிக்கிறார்கள். எட்டு மணி நேரம் நூலோடு நின்றுவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறக்கும் அந்த உறுதியின் முன்னால் நாம் பணிய வேண்டும்.

இந்த வழியில் போனவர்களுக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடிக்காமல் வேலைக்குப் போன ஒருவர், பதினெட்டு வயதுக்குப் பிறகு திறந்தநிலை முறையில் ஆயத்தத் தேர்வு எழுதி நேராகப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று ஒரு கதவு இருந்தது. முதல் பட்டம் இல்லாமலேயே முதுகலை படிக்கும் கதவும் சில இடங்களில் இருந்தது. 2009-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய முதுகலைப் பட்டம் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிமுறைகளுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் பணியாளர் துறை 107-ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களின் திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்றது அது.

ஒழுங்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு பட்டம் என்றால் அதற்கு ஒரே பொருள் இருக்க வேண்டும். என் மனத்தாங்கல் அதற்குள் புதைந்த வேறொன்று. பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர், முப்பது வயதில் மாலை நேரங்களைச் சேமித்துச் சேமித்து, அரசே அமைத்த ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு படித்துப் பட்டம் வாங்குகிறார். வாழ்க்கை அவரை நடத்திய வரிசையும் அரசாணை கேட்கும் வரிசையும் ஒன்றல்ல. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்று இடைவெளி இல்லாமல் போக வேண்டுமானால் அந்த வயதில் யாராவது அவருக்குச் சோறு போட்டிருக்க வேண்டும். பலர் பட்டம் வாங்கிய பிறகு திரும்பிப் போய்ப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள். அதுவும் செல்லவில்லை, வரிசை முன்பின்னாக இருந்ததால்.

2022 மார்ச்சில் இன்னொரு இடி விழுந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைக்கும்தான் அங்கீகாரம் என்று யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சேர்ந்து, பாடம் வாங்கி, தேர்வெழுதித் தேறியவர்கள் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பல்கலைக்கழகத்துக்கும் யுஜிசிக்கும் இடையே அங்கீகாரம், எல்லை, அனுமதி என்று எத்தனையோ வழக்கும் கடிதமும் ஓடியிருக்கும். பின்னர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மீண்டும் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் சமையலறையில் பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை படித்த ஒரு பெண்ணுக்கு, அந்த மூன்று ஆண்டின் ஒன்றரை மணி நேரங்களை எந்த அலுவலகமும் திருப்பித் தர முடியாது. கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு விண்ணப்பப் படிவமாவது அச்சடிக்கலாம்.

ஆசிரியர்களையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் நடத்துகிறார்கள். அவர்களில் பலர் முனைவர் பட்டமோ நெட், செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ பெற்றவர்கள். மாதம் 25,000 ரூபாய், ஆண்டில் பதினொரு மாதம். இவர்களில் பலர் தாங்களே தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வகுப்பு முடிந்ததும் இவர்களும் வேறொரு வேலைக்கு ஓட வேண்டியிருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு ஒரு மாணவி சந்தேகம் கேட்க வந்தால், அந்த நேரத்தில் துறை அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் டியூஷன் சென்டரில் இருப்பார். மாணவரிடமும் நேரம் இல்லை, ஆசிரியரிடமும் இல்லை என்றால் அந்த இருவருக்கும் நடுவே நடக்க வேண்டிய உரையாடல் எங்கே நடக்கும்? என் வாழ்க்கையைத் திருப்பிய மூன்று உரையாடல்களும் வகுப்புக்கு வெளியே, ஒரு வேப்பமரத்தடியில், மணி அடித்த பிறகு நடந்தவை.

செய்யக்கூடியவை சில கண்ணுக்குத் தெரிகின்றன. வருகைப் பதிவில் வேலைக்குப் போகும் மாணவருக்கென்று, கல்லூரியே சான்று பார்த்து, தனிச் சலுகை வைக்கலாம். காண்டோனேஷன் கட்டணத்தை எடுத்துவிடலாம். ஏழ்மையால் வகுப்புக்கு வராதவரிடம் அதற்காகவே பணம் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்? காலை, மதியம் என்ற இரு ஷிப்டுகளுக்கு இடையே ஒரு மாணவர் பருவத்துக்குப் பருவம் மாறிக்கொள்ள வழி செய்யலாம். 107-ஆம் அரசாணையில், வரிசையை மட்டும் பார்க்காமல் மூன்று தேர்வையும் தேறியிருக்கிறாரா என்று பார்க்கும்படி ஒரு திருத்தம் கேட்கலாம். பஸ் கால அட்டவணை போடும்போது கல்லூரி மணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சான்றிதழ்களுக்கு மாணவர் அலைவதை நிறுத்தி, சேர்க்கை வாரத்தில் வருவாய்த் துறையினர் கல்லூரிக்கே வரலாம். இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் வேண்டாம்.

நூலகங்களைப் பற்றி ஒன்று. பல கல்லூரிகளில் நூலகம் திறந்திருக்கும் நேரமும் வகுப்பு நடக்கும் நேரமும் ஒன்றே. வகுப்பு முடிந்து மாணவர் வெளியே வரும்போது நூலகத்தின் கதவும் சாத்தப்படுகிறது. ஆனால் சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ, மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிக்கும் பகுதிக்காகக் கதவு திறக்கும் முன்பே வந்து காத்திருப்பவர்கள் தெரிவார்கள். டிஎன்பிஎஸ்சி குறிப்பேடு, ஒரு தண்ணீர் பாட்டில், வீட்டிலிருந்து கட்டிவந்த சோறு. வீட்டில் இடம் இல்லாதவர்கள், வீட்டில் இருந்தால் யாராவது ஒரு வேலை சொல்லிவிடுவார்கள் என்று வந்தவர்கள்.

போன மாதம் அந்த மதுரை நூலகத்தில் இரவுவரை இருந்தேன். ஏழரைக்கு மேல் ஒவ்வொருவராகப் பையைக் கட்டத் தொடங்கினார்கள். எனக்கு எதிரே இருந்த பெண் கடைசியாக ஒரு பக்கத்தைப் புரட்டினாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மீண்டும் அந்தப் பக்கத்தின் நடுவிலிருந்து படித்தாள். உசிலம்பட்டிப் பஸ் எத்தனை மணிக்கு என்று தோழியிடம் கேட்டாள். எட்டு இருபதுக்கு என்றாள் அவள். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேனாவை மறுபடியும் திறந்தாள்.